நீலக் கோழியும் புளியங்கொட்டையும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பு புதிய செய்தி அன்று. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்திலும் கூட்டைத் திறந்துவிட்டு, ஒரு கைப்பிடி நொய்யரிசியை இறைத்துவிட்டுப் போவது நம் தாய்மார்களின் வழக்கம். பண்டிகைக்கு ஒரு சேவல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பெட்டை, கைச்செலவுக்கு நாலு முட்டை என்று அந்தக் கூடு குடும்பத்தின் சிறு உண்டியலாகவே இருந்து வந்தது.

கோழியை அடை வைத்து இருபத்தொரு நாள் காத்திருந்து, குஞ்சுகளைப் பஞ்சாரத்தின் கீழ் விட்டுப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். ஒரே பெட்டை, ஒரே சேவல். ஆனாலும் ஒரு குஞ்சு கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று சாம்பல், ஒன்று புள்ளி. "இது எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுச் சேவலாக இருக்குமோ?" என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் இதே கேள்வியைக் கேட்டு உறக்கத்தை இழந்தவர்கள் உலகில் இருந்தார்கள். அவர்கள் முட்டைக்காகவோ இறைச்சிக்காகவோ கோழி வளர்க்கவில்லை. இறகின் நிறத்துக்காகவே வளர்த்தார்கள். அவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள், அவர்கள் குப்பை என்று ஒதுக்கிய குஞ்சுகளிலிருந்து எப்படி ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் நம் காட்டிலிருந்தே தொடங்குவோம். செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் விடியற்காலையில் கூவும் காட்டுக்கோழியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மலாய் மக்கள் அதை ஆயாம் ஹூத்தான் என்பார்கள். சேவலின் கழுத்தில் பொன்னும் சிவப்பும் கலந்த இறகுகள், மார்பிலும் வாலிலும் பச்சை மின்னும் கறுப்பு, வாலடியில் ஒரு வெள்ளைக் கொத்து. பெட்டையோ காய்ந்த சருகின் நிறம். இந்தச் செங்காட்டுக்கோழிதான் உலகத்து வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் மூதாதை.

2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு 863 கோழிகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தது. சீனாவின் தென்மேற்கு, தாய்லாந்தின் வடக்கு, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழி இனமே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என்று அது காட்டியது. 2022-இல் வந்த வேறோர் ஆய்வு பழைய எலும்புகளை ஆராய்ந்தது. மத்திய தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகளே உறுதியாக வீட்டுக்கோழியினுடையவை என்று சொல்லத்தக்க மிகப் பழையவை என்பது அதன் முடிவு. மனிதன் நெல் விளைவித்தான். சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி களத்துக்கு வந்தது. வந்த கோழி நம்மோடு தங்கிவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பல வீட்டுக்கோழிகளின் கால் மஞ்சளாக இருக்கிறது அல்லவா? செங்காட்டுக்கோழிக்கு அந்த மஞ்சள் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைகள் உள்ளிட்ட தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து அந்தப் பண்பு வந்து கலந்தது என்று 2008-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் மூதாதையர் ஊர்க் காட்டுப் பறவையின் சீதனம் உலகெங்கும் கோழிகளின் காலில் நடமாடுகிறது.

இனி, நிறத்துக்கு வருவோம். கோழி இறகில் அடிப்படையான சாயங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று கறுப்புச் சாயம். மற்றொன்று சிவப்பும் மஞ்சளும் தரும் சாயம். இவை எங்கே படிகின்றன, எவ்வளவு படிகின்றன, எங்கே தடைபடுகின்றன என்பதைப் பொறுத்தே அத்தனை வண்ணங்களும் பிறக்கின்றன. சாயம் எதுவும் படியாவிட்டால் வெள்ளை.

காட்டில் மாறுபட்ட நிறத்தோடு ஒரு குஞ்சு பிறந்தால் என்ன ஆகும்? வெள்ளைக் குஞ்சு சருகின் நடுவே பளிச்சென்று தெரியும். பருந்தோ கீரியோ முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் மனிதன் காவல் காக்கும் கூட்டில் அந்தக் குஞ்சு பிழைத்துக்கொள்கிறது. அது வளர்ந்து முட்டையிடுகிறது. அதனால்தான் காட்டில் ஒரே சாயலாக இருந்த பறவை, நம் முற்றத்துக்கு வந்தபின் பல வண்ணமாக விரிந்தது. தமிழ்நாட்டில் சேவல் வளர்ப்பவர்கள் இறகின் நிறத்தைப் பார்த்தே காகம், கீரி, வல்லூறு, மயில் என்றெல்லாம் பெயர் வைத்துப் பிரிப்பதை நாம் அறிவோம். சாவகத் தீவிலோ இறகு மட்டுமன்றித் தோலும் எலும்பும்கூடக் கறுத்த சேமானி என்னும் கோழி இருக்கிறது.

தற்செயலாகப் பிறந்த நிறத்தைப் பாதுகாப்பது ஒன்று. நினைத்த நிறத்தை வேண்டுமென்றே உண்டாக்குவது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையில் இறங்கிப் பெயர் பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஜான் செப்ரைட். 1767 முதல் 1846 வரை வாழ்ந்த நிலப்பிரபு அவர். இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் மை தீட்டியது போல் கறுப்புக் கரை ஓட வேண்டும், நடுப்பகுதி பொன்னாகவோ வெள்ளியாகவோ இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பல இனங்களைக் கலந்து, ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அப்படியே ஒரு குள்ளக் கோழியை உண்டாக்கினார். இன்றும் அந்த இனம் செப்ரைட் என்ற பெயரால் வழங்குகிறது. அந்தச் சேவலுக்கு நீண்டு வளைந்த வால் இறகுகள் இல்லை. கழுத்திலும் கூரிய இறகுகள் இல்லை. உடை அளவில் அது பெட்டையைப் போலவே இருக்கும். 1810-ஆம் ஆண்டையொட்டி அவ்வினத்துக்கென்றே ஒரு சங்கமும் ஏற்பட்டது.

ஆனால் அழகுக்கு ஒரு விலை இருந்தது. வேண்டிய நிறம் மாறாமல் இருக்க வேண்டுமென்று நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தால் வம்சம் மெலியும். செப்ரைட் கோழியும் முட்டை குறைந்து, கூ கட்டாத முட்டை மிகுந்து, குஞ்சு பொரிப்பது அரிதான இனம் என்று பெயர் வாங்கியது. வீட்டில் ஒரே சேவலை வைத்து, அதன் குஞ்சுகளையே மறுபடியும் அதனோடு விட்டு வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வேற்றூர்ச் சேவலைக் கொண்டுவர வேண்டும்.

1835-இல் இங்கிலாந்தில் சேவல் சண்டையைத் தடுக்கும் சட்டம் வந்தது. சண்டைக் களம் மூடியது. கண்காட்சி மேடை வளர்ந்தது. 1845-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு கோழிக் கண்காட்சி நடந்தது. அதே காலத்தில் சீனாவிலிருந்து பெரிய உடலும் கால்வரை மூடிய இறகும் கொண்ட கோழிகள் கப்பலில் வந்து இறங்கின. விக்டோரியா மகாராணியாரே அவற்றை வளர்த்தார் என்றால் சொல்லவும் வேண்டுமோ? சீமான்களும் வணிகர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். 1849 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் பெரிய கண்காட்சி நடந்தது. இந்தப் பைத்தியத்துக்குக் "கோழிக் காய்ச்சல்" என்றே பெயர் வந்தது. கோழிகளை விற்றுப் பணம் சேர்த்த ஜார்ஜ் பர்ன்ஹம் என்பவரே 1855-இல் அந்தக் காய்ச்சலைக் கேலி செய்து ஒரு புத்தகம் எழுதினார். விலை ஏறியது, பிறகு சரிந்தது. கடைசியாக வாங்கியவர்கள் கையில் பணமும் இல்லை. கோழியை வாங்குவாரும் இல்லை.

இந்தக் கண்காட்சிக் காலத்தில்தான் நம் கதையின் நாயகி வருகிறாள். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர். அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக்கு வந்த ஒரு கோழி, மழை மேகத்தைப் போன்ற நீலச் சாம்பல் நிறம் கொண்டது. இறகின் ஓரத்தில் கருநீலக் கரை, சிவந்த கொண்டை, வெள்ளைக் காது மடல். உண்மையில் அந்த இறகில் நீலச் சாயம் என்று ஒன்றும் இல்லை. கறுப்புச் சாயத் துகள்கள் குறைந்து, விட்டு விட்டுப் படிவதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தோன்றுகிறது. இதற்கு நீல அந்தலூசியன் என்று பெயர் சூட்டினார்கள். பரிசுகள் குவிந்தன.

ஆனால் வளர்த்தவர்களுக்கு ஒரு தீராத தலைவலி. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளெல்லாம் நீலமாகத்தானே பிறக்க வேண்டும்? பிறக்கவில்லை. ஏறக்குறையப் பாதிதான் நீலம். மீதிப் பாதியில் சில கன்னங்கரிய குஞ்சுகள்; சில, வெள்ளையில் அங்கங்கே மை தெளித்தது போன்ற புள்ளிக் குஞ்சுகள். கண்காட்சியில் இவற்றுக்கு இடம் இல்லை. வளர்த்தவர்கள் அவற்றைக் "கழிவுகள்" என்றே அழைத்தார்கள். கழுத்தைத் திருகிப் போட்டார்கள். அல்லது கறிக்கு அனுப்பினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ரத்தம் சுத்தமாக இல்லை. எங்கோ ஒரு பாட்டனிடம் கறுப்பு இருந்திருக்கிறது. கழிக்கக் கழிக்கச் சுத்தமாகிவிடும்." ஆகவே தலைமுறை தலைமுறையாக மிகச் சிறந்த நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தார்கள். ஐந்து தலைமுறை, பத்துத் தலைமுறை ஆகியும் கணக்கு மாறவில்லை. மறுபடியும் பாதி நீலம், பாதி கழிவு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்த கதைதான்.

இன்னொரு பதிலும் வழக்கில் இருந்தது. ஒரு பெட்டை முதலில் எந்தச் சேவலோடு சேர்ந்ததோ, அந்தச் சேவலின் கறை அதன் உடம்பில் தங்கிவிடும்; பிறகு வேறு சேவலுக்குப் பிறக்கும் குஞ்சுகளிலும் அது தலைகாட்டும் என்று பலர் நம்பினார்கள். நிறம் தவறினால் பெட்டை கெட்டுப்போனது என்பதே தீர்ப்பு. இதில் உள்ள உண்மை மிகச் சிறிது. சேவலை மாற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் இடும் முட்டைகளில் பழைய சேவலின் குஞ்சு வரலாம். அதற்கு மேல் எந்தக் கறையும் இல்லை. 1890-களில் ஸ்காட்லாந்தில் கொசார் எவார்ட் என்னும் அறிஞர் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் கொண்டு இந்த நம்பிக்கையைச் சோதித்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். ஆனால் அதுவரை பழியைச் சுமந்தது பெட்டைதான்.

பேரறிஞர் சார்ல்ஸ் டார்வினும் கோழிகளின் நிறத்தை ஆராய்ந்தவரே. 1868-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு சோதனையை அவர் விவரிக்கிறார். கருநிற ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக்கோழிப் பெட்டையையும் அவர் சேர்த்தார். குஞ்சுகள் முதலில் கரியாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுள் ஒரு சேவல் வளர வளரக் கழுத்திலும் முதுகிலும் சிவப்பும் பொன்னும் பூத்து, காட்டுச் சேவலைப் போலவே மாறி நின்றது. இலண்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில், நம் காட்டுக்கோழி எழுந்து நின்றது என்றே சொல்லலாம். எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனாலும் மூதாதையின் சாயல் அழிந்துவிடுவதில்லை, மறைந்துதான் இருக்கிறது என்று டார்வின் கண்டார். ஆனால் அது எப்படி மறைகிறது, எந்தக் கணக்கில் திரும்பி வருகிறது என்பது அவருக்கும் பிடிபடவில்லை.

அந்தக் கணக்கு அதற்குள் எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் வியப்பு. கிரிகோர் மெண்டல் என்னும் துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஆயிரக்கணக்கில் எண்ணி, 1866-இலேயே அதை அச்சிட்டிருந்தார். படித்தவர்கள் மிகச் சிலர். 1900-ஆம் ஆண்டில்தான் உலகம் அதைத் திரும்பக் கண்டெடுத்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோழிக் கூட்டுக்குள் நுழைந்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர் வில்லியம் பேட்சன். பட்டாணிக்குப் பொருந்தும் விதி உயிர்ப் பிராணிக்கும் பொருந்துமா என்று சோதிக்க அவர் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார். வீட்டை ஒட்டிய நிலத்திலேயே கூடுகள். அவருடைய மனைவி பியாட்ரிஸ் அந்த வேலையில் துணை நின்றார். பெண்கள் கல்லூரியொன்றைச் சேர்ந்த எடித் சாண்டர்ஸ் என்னும் அம்மையார் செடிகளில் அதே ஆராய்ச்சியைச் செய்தார். 1902-இல் பேட்சனும் சாண்டர்ஸும் சேர்ந்து முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. 1948-இல்தான் முழுப் பட்டம் கொடுத்தது. பட்டம் மறுக்கப்பட்ட பெண்கள் பலர் அந்தப் புதிய கல்வியை வளர்த்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. சில ஆண்டுகளில் ரெஜினால்ட் பன்னெட் என்னும் இளம் அறிஞரும் பேட்சனோடு வந்து சேர்ந்தார்.

கண்காட்சிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? கண்காட்சிக்காரர் அழகான குஞ்சை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்தார். இவர்களோ எதையும் எறிவதற்கு முன்பு எண்ணினார்கள். பொரித்த ஒவ்வொரு குஞ்சின் நிறத்தையும் ஏட்டில் குறித்தார்கள். நீலக் கோழியின் குஞ்சுகளை அப்படி எண்ணியபோது ஒரு சீரான கணக்கு வெளிப்பட்டது. நான்கில் ஒரு பங்கு கறுப்பு. நான்கில் இரண்டு பங்கு நீலம். நான்கில் ஒரு பங்கு புள்ளி வெள்ளை.

இதன் பொருள் என்ன? இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போமே, அதில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கறுப்பு. மறு பக்கம் வெள்ளை. ஒரு கொட்டை தாய்; மற்றொன்று தந்தை. இரண்டையும் சேர்த்து உருட்டுங்கள். மேலே தெரியும் பக்கம்தான் பெற்றோர் ஒவ்வொருவரும் குஞ்சுக்குக் கொடுக்கும் பங்கு. இரண்டும் கறுப்பாக விழுந்தால் கறுப்புக் குஞ்சு. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் புள்ளி வெள்ளைக் குஞ்சு. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்று விழுந்தால் நீலக் குஞ்சு.

ஒரு தாளை எடுத்து, நூறு முறை உருட்டி எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய இருபத்தைந்து முறை இரண்டும் கறுப்பு, ஐம்பது முறை கலப்பு, இருபத்தைந்து முறை இரண்டும் வெள்ளை என்று வரும். கொட்டையின் வளைவினால் சற்று முன்பின் ஆகலாம். இதைப் பத்து முறை மட்டும் உருட்டினால் கணக்குத் தெரியாது. பத்துக் குஞ்சை மட்டும் பார்த்தவனுக்கும் அப்படித்தான். நிறைய எண்ண வேண்டும். ஒன்றையும் விடாமல் எண்ண வேண்டும். அப்போதுதான் விதி கண்ணுக்குத் தெரியும்.

இப்போது நீலக் கோழியின் இரகசியம் விளங்குகிறது அல்லவா? நீலம் என்பது தனியான ஒரு சரக்கு அன்று. கறுப்புப் பங்கு ஒன்றும் வெள்ளைப் பங்கு ஒன்றும் சேர்ந்து நிற்கும் நிலைதான் நீலம். ஆகவே நீலமும் நீலமும் சேர்ந்தால், எத்தனை தலைமுறை கழித்தாலும், கறுப்பும் புள்ளியும் பிறந்தே தீரும். ரத்தத்தில் அழுக்கு எதுவும் இல்லை. பெட்டையின் மேல் குற்றமும் இல்லை.

இனி, வேறொரு கணக்கைப் போடுவோம். இரண்டு பக்கமும் கறுப்பான, தேய்க்காத கொட்டை ஒன்று. அதுதான் கழித்துப் போட்ட கறுப்புக் கோழி. இரண்டு பக்கமும் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டை ஒன்று. அதுதான் கழித்துப் போட்ட புள்ளி வெள்ளைக் கோழி. இவை இரண்டையும் உருட்டுங்கள். எப்படி விழுந்தாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அதாவது, குஞ்சுகள் அத்தனையும் நீலம்! பேட்சனும் பன்னெட்டும் சோதித்துப் பார்த்தபோது அப்படியேதான் பிறந்தன. பரிசு பெற்ற நீல ஜோடியிடம் பாதிக் குஞ்சுதான் நீலம். கழிவு என்று ஒதுக்கிய ஜோடியிடம் முழுக்க முழுக்க நீலம். ஐம்பது ஆண்டுகளாகத் தாங்கள் தேடியதையே தங்கள் கையால் கழுத்தைத் திருகிப் போட்டிருந்தார்கள் அந்தக் கண்காட்சிக்காரர்கள்.

இதைப் போல இன்னொரு விந்தையும் அவர்கள் கண்டார்கள். வெள்ளைப் பட்டுக்கோழியையும் வேறோர் இன வெள்ளைக் கோழியையும் சேர்த்தபோது நிறமுள்ள குஞ்சுகள் பிறந்தன. சாயம் உண்டாக இரண்டு படிகள் வேண்டும். ஒரு கோழியிடம் முதற்படி இல்லை. மற்றதிடம் இரண்டாம் படி இல்லை. தனித்தனியே இரண்டும் வெள்ளை. சேர்ந்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்தது, நிறம் வந்தது. தாயும் தந்தையும் வெள்ளையாக இருக்க, குஞ்சு கறுப்பாகப் பிறப்பதற்கு அயல் சேவல் தேவையில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

அழகுக்காக வளர்த்த நிறம் பிற்பாடு சோற்றுக்கும் உதவியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தீனிக்குத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்குத் தீனியை வீணாக்காமல் இருக்க வேண்டுமானால், பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய வேண்டும். நிறமே அதற்கு அடையாளமாகும் என்றார் பன்னெட். கோழிகளில் சில நிறங்களைப் பெட்டைக் குஞ்சு தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. சேவல் குஞ்சோ தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறுகிறது. ஆகவே செந்நிறச் சேவலுக்கும் வெள்ளி நிறப் பெட்டைக்கும் பிறக்கும் குஞ்சுகளில், பெட்டைகள் தந்தையைப் போல் செம்பழுப்பாகவும், சேவல்கள் தாயைப் போல் வெளிர் நிறமாகவும் இருக்கும். பார்த்தவுடன் பிரித்துவிடலாம். 1920-களின் இறுதியில் பன்னெட்டும் மைக்கேல் பீஸ் என்பவரும் வரிக்கோழியின் பண்பை வேறோர் இனத்தில் ஏற்றி, கேம்பார் என்னும் இனத்தை உண்டாக்கினார்கள். அந்த இனத்துக்குள்ளேயே சேர்த்தாலும் ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் நிறத்தாலேயே வேறுபட்டுப் பிறக்கும்.

இன்று பழுப்பு முட்டைக்காக வளர்க்கும் கோழிகளில் பலவற்றைக் குஞ்சுப் பருவத்தில் பிரிப்பது இந்த வழியில்தான். இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பிரித்தெடுத்த ஆண் குஞ்சுகளைப் பல நாடுகளில் அன்றே அழித்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2022-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. கழிவு எது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

நம் நாட்டிலும் அழகுக்காகக் கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிளந்தானில் தோன்றிய செராமா கோழி உலகத்திலேயே மிகச் சிறிய கோழி இனம் என்று புகழ் பெற்றது. 1970-களில் கிளந்தானைச் சேர்ந்த வீ இயான் ஈன் அவ்வினத்தை உருவாக்கிப் பெயரிட்டார் என்பர். 2004-ஆம் ஆண்டுப் பறவைக் காய்ச்சலின்போது அந்த வளர்ப்புக்குப் பெரிய பின்னடைவு ஏற்பட்டது. ஆனாலும் அது பிழைத்துக்கொண்டு கடல் கடந்தும் சென்றிருக்கிறது. செராமாப் போட்டியில் நடுவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை. மார்பை நிமிர்த்தி, வாலை உயர்த்தி, சிறு வீரனைப் போல் மேடையில் நிற்கும் நிலையைத்தான் பார்க்கிறார்கள். கறுப்பா வெள்ளையா என்று கேட்காத போட்டி ஒன்று நம் நாட்டில் பிறந்தது நமக்குப் பெருமைதான்.

நேயர்களே, கோழியின் கதை இத்துடன் முடிகிறது. ஆனால் நம் வீடுகளில் அதே பேச்சு முடியவில்லை. குடும்பத்தில் எல்லாரும் மாநிறமாக இருக்க, ஒரு குழந்தை கறுப்பாகப் பிறந்துவிட்டால் எத்தனை நாக்குகள் நீளுகின்றன! "யாரைக் கொண்டிருக்கிறது?" என்று கேட்டு, பெற்ற தாயைத் தலைகுனிய வைத்த வீடுகள் உண்டு. அந்தக் குழந்தையையே வீட்டுக்கு ஒரு குறையாக நினைத்து வளர்த்தவர்களும் உண்டு. மனிதனின் நிறம் நீலக் கோழியின் நிறத்தைப் போல் ஒரே புளியங்கொட்டையில் அடங்குவதன்று. பல கொட்டைகளை ஒரே நேரத்தில் உருட்டியது போல் அது அமைகிறது. ஆகவே ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் நிறத்தில் வேறுபடுவது இன்னும் இயல்பானது. பாட்டனிடம் மறைந்திருந்தது பேரனிடம் வெளிப்படும். அதில் அழுக்கும் இல்லை, குற்றமும் இல்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் கோழி குஞ்சு பொரிக்கும்போது, பிள்ளைகளை அழைத்து ஒரு பழைய பள்ளிக்கூட ஏட்டைக் கொடுங்கள். தாயின் நிறம், சேவலின் நிறம், ஒவ்வொரு குஞ்சின் நிறம் எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். இறந்துபோன குஞ்சையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் எழுதிவந்தால், அந்த ஏடு அவர்களோடு பேசத் தொடங்கும். கேம்பிரிட்ஜில் பேட்சன் வைத்திருந்ததும் அப்படி ஓர் ஏடுதான்.